பழைய லேப்டாப்புக்கு ராம் போடலாமா? கேள்வி பதில்

போன வாரம் கோயில் அன்னதானத்தில் நான் இலை போட்டுக்கொண்டிருக்கும்போதே பல பேர் லேப்டாப் பற்றிக் கேட்டார்கள், சாம்பார் வாளியோடு நின்றவர் உட்பட. எல்லாருடைய கேள்வியையும் எழுதி வாங்கிக்கொண்டேன், இதோ பதில். ரங்கூனில் கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் முடிக்கணும், அதனால் சில பதில் குட்டையாக இருக்கும்.

தான்லினிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. திறந்து டெஸ்க்டாப் வர ஐந்து நிமிஷம். 8 ஜிபி ஆக்கினால் சரியாகுமா?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். காசை எடுக்கும் முன் ஒரு வேலை செய். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து, டாஸ்க் மேனேஜர் வரும். வழக்கமாகத் திறக்கிறதையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு மெமரி (மெஷின் வேலை செய்யும்போது தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம், ராம் என்பது அதுதான்) எத்தனை சதவீதம், டிஸ்க் எத்தனை சதவீதம் என்று பார். மெமரி அறுபதில் இருக்கிறது, டிஸ்க் மட்டும் நூறிலேயே நிற்கிறது என்றால் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் வில்லன். நீ எவ்வளவு ராம் போட்டாலும் அந்த ஐந்து நிமிஷம் நாலரை ஆகும், அவ்வளவுதான். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத டிஸ்க், போடு.

ஆனால் மெமரியும் தொண்ணூறைத் தாண்டி, டிஸ்க்கும் நூறில் நின்றால் கதை வேறு. ராம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும், அப்போது டிஸ்க்கை நூறுக்குத் தள்ளுவதே ராம் பற்றாக்குறைதான். இதைப் பார்க்காமல் பலர் தவறான சாமானை வாங்குகிறார்கள். உன் மெஷினுக்கு என்னைக் கேட்டால் கடைசியில் இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி கொடுத்தாலே பெரிய விஷயம், சாதாரண 2.5 இன்ச் எஸ்எஸ்டி 500 வரை கொடுக்கும். அந்த எண்ணைவிட முக்கியம், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களுக்காக உள்ளே ஊசி அங்குமிங்கும் ஓட வேண்டியதில்லை.

அதே தம்பி: என்ன ராம் வாங்கணும் என்று எப்படித் தெரியும்?

அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. ராம் செருகும் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று கீழே போட்டிருக்கும். அப்புறம் பின்மூடியைக் கழற்றி இப்போது இருக்கிற ராமின் ஸ்டிக்கரைப் போனில் படம் எடு, கடைக்கு அந்தப் படத்தோடு போ. இன்னொன்று, லேப்டாப்பைக் கடையில் விட்டுவிட்டு வருவதானால் உள்ளே எவ்வளவு ராம் இருக்கிறது என்பதையும் படம் எடுத்து வை. எனக்கே ஒரு கடையில் 8 கொடுத்து 4 திரும்பி வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் தெரிந்து என்ன பிரயோஜனம்?

மோல்மேனிலிருந்து: சயா, புது ராம் போட்டேன், லைட் எரிகிறது, ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கிறது. நான்காம் தலைமுறை மெஷின். போர்டு போய்விட்டதா?

பதற வேண்டாம், பெரும்பாலும் போர்டு போயிருக்காது. ஸ்டிக்கரில் பிசி3 என்று இருக்கிறதா, பிசி3எல் என்று இருக்கிறதா பாருங்கள். அந்த 'எல்' இல்லாதது 1.5 வோல்ட், இருப்பது 1.35 வோல்ட். நான்காம் தலைமுறையிலிருந்து நிறைய லேப்டாப்புகள் 1.35 மட்டும்தான் கொடுக்கும், 'எல்' இல்லாத ராமைப் போட்டால் உங்களுக்கு வந்த மாதிரிதான் கறுப்பு ஸ்கிரீன் வரும். பழைய 1.5 மெஷினில் 'எல்' ராம் பொதுவாக ஓடிவிடும்.

'எல்' இருந்தும் கறுப்பு என்றால் பெரும்பாலும் ராம் சரியாக உட்காரவில்லை. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து வினாடி அமுக்கிப் பிடியுங்கள். ஏதாவது இரும்பைத் தொட்டுவிட்டு ராமை எடுத்து, தங்க நிறப் பல்லை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். நம் ஊர் மழைக்காலத்து ஈரத்துக்கு அதில் பாசி மாதிரி படியும். தூளை ஊதிவிட்டு, சாய்வாகச் செருகி, தங்கப் பல் ஏறக்குறைய மறைந்தபின் கீழே அமுக்குங்கள், இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று பிடிக்கணும். ஒரு பக்கம் மட்டும் பிடித்த ராமை நான் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன்.

கடைக் கணக்கு பார்க்கும் ஒருவர்: விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே, 11 போட்டுவிடலாமா? இரண்டாம் தலைமுறை ஐ5.

ஆமாம், 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. ஆனால் 11 கேட்பது இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. உங்களுடையதில் இரண்டும் இல்லை. ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவ் தயாரித்து அந்தச் சோதனையைத் தாண்டிப் போடலாம், போட்டும் இருக்கிறேன். இருந்தாலும் அடுத்த பெரிய அப்டேட் வந்து சேரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது, கணக்கு வைக்கிற மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம். கோர் 2 டுவோ வைத்திருப்பவர்கள் முயலவே வேண்டாம், 24எச்2 பதிப்பு முதல் அந்த ப்ராசஸரில் விண்டோஸ் 11 கிளம்பவே கிளம்பாது.

பகோவிலிருந்து டியூஷன் நடத்தும் அக்கா: முதல் தலைமுறை ஐ3, 2 ஜிபி ராம், ஒரு ஸ்லாட் காலி. விண்டோஸ் 7, 32 பிட். பிள்ளைகளுக்குப் பாடம் காட்டினால் போதும்.

அக்கா, 32 பிட்டை வைத்துக்கொண்டு ராம் ஏற்றிப் பெரிய லாபம் இல்லை, 4 ஜிபியைக்கூட முழுதாகப் பயன்படுத்தாது. 64 பிட்டுக்கு மாற்ற அப்டேட் வழி கிடையாது, டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போடணும். எப்படியும் துடைப்பதானால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் மின்ட், அதில் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போடுங்கள். 2 ஜிபியில் நடக்கும், 4 இருந்தால் நிம்மதி. மின்ட் 22-க்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, சவுண்ட் வேலை செய்கிறதா பாருங்கள், அதுவரை ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றும் மாறாது. இணையத்தில் இறக்க டேட்டா செலவு வேண்டாம், என்னிடம் பிரதி இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் அதிலேயே உண்டு.

அதே அக்கா: பழைய பாடங்கள் எல்லாம் எழுத்து உடைந்துபோகுமா? தமிழ் பாமினி எழுத்துருவில், பர்மியம் ஸாஜி எழுத்துருவில் இருக்கிறது.

நல்ல வேளை, துடைக்கும் முன் கேட்டீர்கள். இரண்டும் இரண்டு விதமான நோய். பாமினியில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி போடுகிறது. எழுத்துரு இல்லாத மெஷினில் முகமூடி கழன்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அதனால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸிலிருந்து பாமினியை இப்போதே பென்டிரைவில் எடுத்துவிடுங்கள், புதியதில் போட்டால் பழையபடி வரும்.

ஸாஜி அப்படி இல்லை. அதுவும், எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்து எண் முறையான யுனிகோடும் ஒரே எண்களை வேறு வேறு எழுத்துக்கு வைத்திருக்கின்றன, ஆகவே புது மெஷின் அதைப் பர்மிய எழுத்தாகவே காட்டும், ஆனால் குறிகள் இடம் மாறிக் கிடக்கும். நாடு 2019 அக்டோபரில் யுனிகோடுக்கு மாறியபோது போனில் பட்ட அதே பாடுதான். மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர்கள் இலவசமாக இருக்கின்றன. ஒரே கோப்பில் தமிழும் பர்மியமும் கலந்திருந்தால் பர்மியப் பகுதியை மட்டும் வெட்டி மாற்றுங்கள், மொத்தமாகப் போட்டுக் கலக்காதீர்கள்.

ஒரு மாமா: விண்டோஸ் ஏற்றும்போது கரண்ட் போனால்?

பேட்டரி ஒரு மணி நேரமாவது தாங்கினால் கவலை இல்லை. செத்த பேட்டரி என்றால் இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பாதியில் நின்றாலும் மறுபடி முதலிலிருந்து ஏற்றலாம், ஃபைல்களை முன்பே வேறு டிஸ்க்கில் எடுத்திருந்தால் நஷ்டம் நேரம் மட்டும்தான். பயாஸ் (மெஷினைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மட்டும் வேண்டாம் மாமா, அது பாதியில் நின்றால் மெஷின் செங்கல்தான்.

கடைசியாக ஒருவர்: இரண்டு 2 ஜிபி டிடிஆர்3 கழற்றி இரண்டு 4 போட்டேன். பழசைத் தூக்கிப் போடலாமா?

போடாதீர்கள்! பகோ அக்காவுக்கு ஒன்று கொடுங்கள், காலி ஸ்லாட் இருக்கிறது. இன்னொன்று எனக்கு, கறுப்பு ஸ்கிரீன் கேஸ் வந்தால் சோதிக்க உதவும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது காகிதத்தில் சுற்றிக் கொண்டுவாருங்கள், சட்டைப்பையில் சாவியோடு போட்டுக்கொண்டு வராதீர்கள்.