டிஏசியில் ஒரு பக்கம் மட்டும் சத்தம் வரவில்லை, வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: டிஏசியில் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் பெட்டி) விளக்கு எரிகிறது, இடது ஸ்பீக்கர் மட்டும் ஊமை. பெட்டியைத் திறக்கும் முன், டிஏசி பக்கம் மட்டும் இரண்டு ஆர்சிஏ வயர்களையும் (ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் இடது, வலது ஆடியோ வயர்கள்) இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமை வலது பக்கம் தாவினால் கோளாறு டிஏசியில்தான். தாவவில்லையா? வயர், ஆம்ப், ஸ்பீக்கரைப் பாருங்கள்.

கோளாறு டிஏசியில் என்றால் அதைத் திறந்து, ஆர்சிஏ சாக்கெட்டின் கால்களைச் சுற்றியுள்ள ஈயத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை போல வட்டமாக விரிசல் தெரியும். என்னுடையதில் அதுதான், ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி மறுபடி சால்டர் வைத்ததும் பாட்டு வந்துவிட்டது. நம் ஐப்பசி ஈரத்தில் பச்சை பூத்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் போதும்.

கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் சின்ன உருளை) தலை உப்பியிருந்தால் மாற்றுங்கள்: அதே மைக்ரோஃபாரட், வோல்ட் குறையக் கூடாது, அதன் மேலுள்ள மைனஸ் கோடு பக்கம் மாறக் கூடாது. உள்ளேயே 230 வோல்ட் சப்ளை உள்ள மாடலா? பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.