முதல் துள்ளலுக்குப் பிறகு

அன்புள்ள ஐயா,

என் மகன் விமானப் பயிற்சியில் இருக்கிறான். போன மாதம் தனியாக ஓட்டி இறங்கும்போது செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானம் துள்ளித் துள்ளி விழுந்து, முன்சக்கரம் ஒடிந்து புரொப்பல்லரும் வளைந்துவிட்டது. காயம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்தபோது நன்றாகத்தானே இறக்கினான்? இவனுக்கு இது சரிவராதா?

ஒரு தந்தை, கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

பையன் முழுசாக வீடு வந்து சேர்ந்தானே, அதுவே பெரிய நிம்மதி.

இன்ஸ்ட்ரக்டர் இறங்கிக்கொண்டால் 70, 80 கிலோ குறையும். பழைய வேகத்திலேயே வந்தால் விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். 172ஐக் கடைசியில் சுமார் 65 நாட் (knot) வேகத்தில், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டரில் கொண்டுவருவார்கள். பயத்தில் பத்து நாட் கூட்டி வருகிற மாணவர்கள் உண்டு. ரன்வே தீர்ந்துவிடுமோ என்று பதறி மூக்கைக் கீழே அழுத்துவார்கள். இறங்கும் அடியைத் தாங்க வேண்டியவை பின்சக்கரங்கள். முன்சக்கரம் முதலில் பட்டால் துள்ளும்.

அந்த முதல் துள்ளலில் பெரும்பாலும் எதுவும் உடையாது. மூக்கு எழும்பியதும் கை தானாக யோக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, முன்னே தள்ளும். அடுத்த அடி இன்னும் பலமாக விழும். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ ஒடியும். அதற்குப் பதில், முதலில் துள்ளியதுமே எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, மூக்கை நிதானமாகப் பிடித்து, மறுபடி மேலே போய்விட வேண்டும். இதற்குப் பெயர் கோ-அரவுண்ட். கைக்கு அது பழக நாளாகும். இதை வைத்து அவனுக்குச் சரிவராது என்று முடிவு கட்டாதீர்கள்.

எனக்கும் பயிற்சியில் இதேதான் நடந்தது. இரண்டு பிளேடுகளின் நுனியும் பின்பக்கம் சுருண்டு, பெயின்ட் உரிந்து அலுமினியம் பளபளத்தது. புரொப்பல்லர் தரையில் இடித்தால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் பறக்க விடமாட்டார்கள். எஞ்சின் இல்லாமல் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நின்ற அந்த விமானத்தைத் தாண்டித்தான் தினமும் வகுப்புக்குப் போனேன். உங்கள் மகன் அறைக்குள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு மூத்த இன்ஸ்ட்ரக்டர் என்னை அழைத்துப்போனார். இறக்கவே சொல்லவில்லை. ரன்வேக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் பற, கண் அந்தக் கோடியில் இருக்கட்டும், பாதியைத் தாண்டியதும் மேலே ஏறிவிடு என்றார். ஆறு தடவை. ஏழாவது தடவை த்ராட்டிலைக் குறைத்தார். பின்சக்கரம் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை.

அவனிடம் பயமா என்று கேட்காதீர்கள். முதல் துள்ளலுக்குப் பிறகு கை என்ன செய்தது என்று கேளுங்கள், பேசுவான். திரும்பிப் போனதும் இப்படி ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். என்னோடு பேச நினைத்தால் எழுதட்டும், நானே அழைக்கிறேன்.