கலிபோர்னியாவில் மத நம்பிக்கையைச் சொல்லிப் பள்ளித் தடுப்பூசிக்கு விலக்கு வாங்க முடியுமா?

முடியாது. முன்பு 'எங்கள் நம்பிக்கைக்கு ஒத்துவராது' என்று படிவம் கொடுத்து விலக்கு வாங்கலாம். 2014 டிசம்பரில் டிஸ்னிலேண்டில் கிளம்பிய தட்டம்மை நூறு பேருக்கு மேல் தொற்றிய பிறகுதான், குழந்தை மருத்துவரான மாநில செனட்டர் ரிச்சர்ட் பான் முன்னின்று கொண்டுவந்த எஸ்பி 277 என்ற மசோதா சட்டமாகி, 2016 ஜூலையிலிருந்து அந்தக் கதவை மூடியது. மருத்துவக் காரணம் மட்டும் மிச்சம்.

சரி, அதிலும் ஓட்டை. சில டாக்டர்கள் காசு வாங்கிக்கொண்டு தாராளமாக எழுதித் தந்தார்கள் (எதிர்பார்த்ததுதான்!). அதனால் 2019இல் இன்னொரு சட்டம்: ஒரே டாக்டர் வருடத்தில் ஐந்து விலக்கோ அதற்கு மேலோ எழுதினால், இல்லை பள்ளியில் தடுப்பூசி போட்டவர்கள் 95 சதவீதத்துக்குக் கீழே போனால், மாநில சுகாதாரத் துறை அவற்றை எடுத்துப் பார்க்கும். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.