பென்ஷனோடு ஒரு பகுதி நேர வேலை: வாசகர் கேள்வி – பதில்

பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றேன். பென்ஷன் மாதம் 40,000. ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆலோசகராகப் போகிறேன். மாதம் 25,000 தருகிறார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று 15எச் படிவம் கொடுத்தும் 10% வரி பிடித்துவிட்டார்கள். இது முறையா?

முறைதான். 15எச் வங்கி வட்டி போன்ற சிலவற்றுக்குத்தான் செல்லும், ஆலோசகர் கட்டணத்துக்குச் செல்லாது. ஒரே நிறுவனம் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் 10% டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்தாக வேண்டும். ஆனால் பிடித்த பணம் போன பணம் அல்ல.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரிமுறையில் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பென்ஷன் 4,80,000, அதில் நிலையான கழிவு 75,000 போக 4,05,000. கட்டணம் 3,00,000. பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர், கணக்காளர் போன்ற தொழில்களுக்கு வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டியதில்லை. ஆக 1,50,000. மொத்தம் 5,55,000. வேறு பெரிய வருமானம் இல்லையென்றால், 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். பிடித்த 30,000 முழுவதும் ரீஃபண்டாக வந்துவிடும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பழைய பழக்கத்தில், சம்பளம் - பென்ஷன்காரர்கள் தாக்கல் செய்யும் ஐ.டி.ஆர்.-1 படிவத்தைப் போட்டுவிடுகிறார்கள். தொழில் வருமானம் வந்தபின் அது பொருந்தாது. பாதி லாபம் காட்டுவோருக்கு ஐ.டி.ஆர்.-4. இன்னொன்று: 60 வயதைக் கடந்து, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் (நிதியாண்டு முடியும்முன்பே கட்டும் வரி) கிடையாது. கட்டணம் வாங்கத் தொடங்கியதும் அந்தச் சலுகை போய்விடும். பிடித்தம் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி நின்றால், உங்களைப் போன்றவர்கள் மார்ச் 15க்குள் கட்டிவிட வேண்டும்.

வயது 66. செக்யூரிட்டி வேலைக்கு ஏஜென்சியில் கேட்டால் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, 65 வயது நிறைந்தவரை ஏஜென்சி காவலராக நியமிக்கக் கூடாது. உண்மையைச் சொன்னால், 12 மணி நேர இரவுக் காவல் இந்த வயதுக்கு ஆகவும் ஆகாது. குடியிருப்போர் சங்கங்களில் பகலில் நான்கு மணி நேரம் பராமரிப்புக் கணக்கு, தண்ணீர் லாரிப் பதிவேடு, பிளம்பர் - எலெக்ட்ரீஷியன் வேலையைப் பார்த்துக் கையெழுத்திடுவது போன்றவற்றுக்கு ஆள் தேடுகிறார்கள். அதைக் கேளுங்கள். கடை வேலை கிடைத்தால் உட்கார இருக்கை கேட்கத் தயங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஊழியர்களுக்கு இருக்கை தருவது கடைக்காரரின் கடமை.

ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்ய ஆசை. "தமிழ்ச் சொல்லுக்கு இவ்வளவு" என்கிறது ஒரு நிறுவனம். ஒப்புக்கொள்ளலாமா?

வேண்டாம். ஆங்கிலச் சொல் எண்ணிக்கைக்குத்தான் கட்டணம் பேச வேண்டும். "ஃப்ரம் தி ஹவுஸ்" மூன்று சொல். "வீட்டிலிருந்து" ஒரே சொல். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆயிரம் ஆங்கிலச் சொல் தமிழில் எழுநூறு, எழுநூற்றைம்பதாகச் சுருங்கிவிடும். உழைப்பு அதேதான், கூலியில் கால் பங்கு காணாமல் போகும்.

தொடங்கும்முன் யூனிகோடில் (எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்துமுறை) தட்டச்சு செய்யப் பழகுங்கள். தமிழ்99 விசைப்பலகை கைக்கு எளிது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை வாங்க மாட்டார்கள். மாதிரிக்கு 250, 300 சொல் இலவசமாகச் செய்து தரலாம். அதற்கு மேல் கேட்டால், வேலையை ஓசியில் முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று பொருள். இப்போது நிறைய வருவது, கணினி மொழிபெயர்த்ததைத் திருத்தும் வேலை. அதற்குக் கட்டணம் பாதியாகக் குறைப்பார்கள், நேரம் பாதியாகக் குறையாது. முதலில் 500 சொல் திருத்திக் கடிகாரத்தைப் பாருங்கள். மணிக்கு என்ன தேறுகிறது என்று தெரிந்தபின் சம்மதியுங்கள். சொல் எண்ணிக்கை, விலை, கெடு, பணம் தரும் நாள் நான்கும் மின்னஞ்சலில் வந்த பிறகு வேலையைத் தொடுங்கள்.

இட்லிப் பொடி செய்து கால் கிலோ பாக்கெட் 80 ரூபாய்க்கு விற்கிறேன். நன்றாகப் போகிறது, ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. மழைக்காலத்தில் கட்டி பிடித்தும் போகிறது.

முதலில் கட்டி. உளுத்தம்பருப்பு 450 கிராம், கடலைப்பருப்பு 250, எள் 100, மிளகாய் வற்றல் 100, உப்பு 60, பெருங்காயம் 10 என்ற அளவில் செய்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. பருப்புகளைத் தனித்தனியாக வறுக்க வேண்டும். உப்பையும் வெறும் வாணலியில் சூடாக்கி ஈரம் போக்குங்கள். பலர் விடுவது இதைத்தான். அரைக்கும்போது மிளகாயும் உப்பும் முதலில், பிறகு பருப்பு, கடைசியில் எள். எள்ளைப் போட்டபின் நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டுங்கள். தொடர்ந்து ஓடினால் எண்ணெய் கக்கிப் பொடி உருண்டையாகும், சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்கும். அரைத்ததைத் தாம்பாளத்தில் பரப்பி, அடிவரை கைவிட்டுப் பார்த்துச் சூடு சுத்தமாகப் போன பிறகு சீல் வையுங்கள். வெதுவெதுப்பாக அடைத்தால் கவரின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்க்கும். அந்த நீர்தான் கட்டி, பிறகு பூஞ்சை.

இனி பணம். கிலோவுக்குப் பொருள் 250, நான்கு கவரும் லேபிளும் 40, கேஸ் - கரண்ட் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோ செய்ய ஆறு மணி நேரம் ஆகிறது, உங்கள் நேரத்துக்கு மணிக்கு 100 என்றால் கிலோவுக்கு 120. மொத்தம் 440; கால் கிலோ அடக்கமே 110. எண்பதுக்கு விற்றால் உங்கள் ஆறு மணி நேரத்துக்குக் கூலியே இல்லை. கடைக்குக் கொடுத்தால் அவர்கள் கமிஷனும், விற்காமல் திரும்பும் பாக்கெட்டும் வேறு. விலையை ஏற்றுங்கள், முன்கூட்டி ஆர்டர் எடுத்து மட்டும் செய்யுங்கள். வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும்.

59 வயதில் இ.பி.எஸ். (பி.எஃப். சார்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம்) பென்ஷன் வாங்குகிறேன். புது வேலையில் பி.எஃப். பிடித்தால் பென்ஷன் நின்றுவிடுமா?

நிற்காது. 58 தாண்டியவருக்கு நிறுவனப் பங்கிலிருந்து 8.33% பென்ஷன் நிதிக்குப் போகாமல் முழுதும் பி.எஃப். கணக்கிலேயே சேர வேண்டும். பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் தொகை ஏறியிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

டேட்டா என்ட்ரி வேலைக்கு 2,500 கட்டினேன். "உங்கள் தட்டச்சு 90% அளவுக்குச் சரியாக இல்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 18,000 கேட்கிறார்கள். தூக்கமே இல்லை.

கட்டாதீர்கள். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. பிழை கண்டுபிடிப்பதற்கென்றே, வாசிக்க முடியாத படங்களைத் தட்டச்சு செய்யக் கொடுப்பது இந்த மோசடியின் வழக்கம். யு.பி.ஐ.யில் உடனே பணம் போடு என்று எந்த நீதிமன்றமும் கேட்காது. ஒப்பந்தம், உரையாடல், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், பிறகு மோசடிக்காரர்களின் எண்ணை முடக்குங்கள். பணம் கட்டியது இன்று நேற்று என்றால் வங்கிக்கும் இப்போதே சொல்லுங்கள். இதே ஆட்கள் அடுத்து, "உங்கள் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மாற்றி விடுங்கள்" என்று வரக்கூடும். அது திருட்டுப் பணம், அது வந்த வங்கிக் கணக்கை முடக்கிவிடுவார்கள். பென்ஷன் கணக்கு முடங்கினால் மாதச் செலவே நின்றுபோகும். வேலைக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்கி, அந்த எண்ணை மட்டும் வெளியே கொடுங்கள்.