பார்த்திவபுரம் கல்விச்சாலை: வாடகைக் கார் வேண்டாம், காலை பஸ் போதும்

கேள்வி: நாகர்கோவில் வடசேரியில் குடியிருக்கிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு. ‘நாளந்தாவுக்கு நிகரான பல்கலைக்கழகம் குமரி மாவட்டத்திலேயே இருந்தது’ என்று பையன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, பார்த்திவபுரம் போகணும் என்று நச்சரிக்கிறான். கார் கேட்டால் பத்மநாபபுரம், திற்பரப்பு எல்லாம் சேர்த்து ஒரு பெரிய தொகை சொல்கிறார்கள். பஸ்ஸிலேயே போய் வர முடியுமா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது? திருவனந்தபுரத்துக் காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விச்சாலையையும் சேர்த்துக்கொள்ளலாமா? மாமியாருக்கு முட்டுவலி, அவர்களும் வருவார்கள்.

பதில்: தாராளமாகப் போகலாம், பஸ்ஸே போதும். ஆனால் கிளம்பும் முன் பையனிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். நாளந்தா படத்தில் பார்க்கிற மாதிரி வரிசை வரிசையாகச் செங்கல் அறைகளோ, இடிந்த மதிலோ பார்த்திவபுரத்தில் கிடையாது. இருப்பது ஒரு விஷ்ணு கோயில். பக்கத்தில் வீடுகள், தென்னை, வாழை. இது தெரியாமல் போனால் பத்து நிமிஷத்தில் ‘இவ்வளவுதானா’ என்று முகம் தொங்கிவிடும், திரும்பி வரும் வழியெல்லாம் உங்களுக்குத்தான் பாட்டு.

அந்தக் கல்விச்சாலை (பழைய வழக்கில் வெறும் ‘சாலை’) இன்று இருப்பது செப்பேட்டில். இந்தப் பகுதியை ஆண்ட ஆய் வம்சத்து அரசன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் கொடுத்த சாசனம் அது. கலியுகம் தொடங்கி 14,49,087-ஆம் நாள் என்று நாள்கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறான். திருவனந்தபுரத்து ஹஜூர் கச்சேரியில், அதாவது திருவிதாங்கூர் அரசின் தலைமை அலுவலகத்தில், கிடந்ததால் ஹஜூர் அலுவலகச் செப்பேடு என்றும், பார்த்திவபுரம் செப்பேடு என்றும் சொல்வார்கள். து. அ. கோபிநாத ராவ் அதைப் படித்து, ‘திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை’யின் முதல் தொகுதியில் வெளியிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆன புத்தகம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விளக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இரண்டு மூன்று பக்கம் மட்டும் அச்செடுத்து, முந்தின நாள் ராத்திரி பையனோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். இந்தப் பயணத்தில் தவறாமல் செய்ய வேண்டிய செலவு அந்த அச்சுக்கூலிதான்.

என்ன இருக்கிறது அதில்? முஞ்சிறைச் சபையாருக்கு வேறு நிலம் மாற்றாகக் கொடுத்து, உழக்குடிவிளை என்ற நிலத்தை அரசன் வாங்குகிறான். அங்கே விஷ்ணுவுக்குக் கோயில் எடுத்து, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயர் வைக்கிறான். கோயிலோடு சேர்த்து, காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கை மாதிரியாகக் கொண்டு, 95 சட்டர்களுக்கு ஒரு சாலை. சட்டர் என்றால் அங்கே தங்கிச் சாப்பிட்டுப் படிப்பவர்கள். இடஒதுக்கீடும் உண்டு. பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரிய சரணத்தாருக்கு 36, தலவகார சரணத்தாருக்கு 14. இவை வேதத்தின் பிரிவுகள். மகளிடம் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், 95 சரியாக வரும்.

சேர வருகிறவனுக்குத் தகுதி கேட்டிருக்கிறார்கள்: வியாகரணம் (இலக்கணம்), மீமாம்சை (வேதப் பொருள் ஆராய்ச்சி), பௌரோகித்யம் (புரோகிதம்), கூடவே மூன்று ராஜ்யங்களின் விவகாரமும் தெரிந்திருக்க வேண்டும். வேதம் ஓதத் தெரிந்தால் போதாது, நாட்டு நடப்பும் தெரிய வேண்டும் என்பதால், அரசாங்க வேலைக்கு ஆள் தயாரித்த இடமாகவும் அது இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பையனுக்கு அதைவிடப் பிடிக்கப்போவது ஹாஸ்டல் விதிகள். சபைக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது, சூதாடக்கூடாது, மீறினால் தண்டம். விதி எழுதியிருக்கிறார்கள் என்றால், எவனோ கத்தியோடு வந்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்!

சரி, நாளந்தாவுக்கு நிகரா? அளவில் இல்லை. நாளந்தா பல நூற்றாண்டு நடந்த பெரிய பௌத்த மகாவிகாரம், சீன யாத்திரிகர் யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் வந்து தங்கிப் படித்த இடம். இது 95 பேருக்குச் சோறும் படிப்பும் கொடுத்த ஒரு சாலை. அதற்காகக் குறைத்து மதிக்க வேண்டாம். எத்தனை பேர், யார் யார், என்ன தகுதி, என்ன ஒழுங்கு என்று இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்த சாசனம் தமிழ்நாட்டில் அபூர்வம். இன்னொன்றையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். அந்த 95 இடமும் வேதப் பிரிவுவாரியாக ஒதுக்கியவை, அதாவது பிராமண ஆண்களுக்கு மட்டும். உங்கள் மகள் அன்றைக்கு உள்ளே போயிருக்க முடியாது. ஊரில் பெரும்பாலோரும்தான்.

அதனால்தான் பார்த்திவபுரத்தோடு சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலையையும் சேர்க்கச் சொல்கிறேன், திற்பரப்பையோ பத்மநாபபுரத்தையோ அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வழி.

வடசேரியிலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பஸ் சதா ஓடிக்கொண்டே இருக்கும். ஏறும்போதே நடத்துநரிடம் ‘ஸ்டாண்டுக்குள்ள போகுமா, பாலத்துல போயிருமா’ என்று கேட்டுவிடுங்கள். மாமியாரை வைத்துக்கொண்டு ரோட்டோரம் இறங்கி, அந்த நெரிசலில் நடக்கிற பாடு வேண்டாம். மார்த்தாண்டம் ஸ்டாண்டில் புதுக்கடை, தேங்காய்பட்டணம் போர்டு போட்ட பஸ் பிடியுங்கள். முஞ்சிறை, புதுக்கடைப் பக்கம்தான் பார்த்திவபுரம். நடத்துநரிடம் பார்த்திவபுரம் கோயில் என்று சொன்னால் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்வார். மிச்ச தூரத்துக்கு ஆட்டோ. மாமியார் இல்லையென்றால் நடந்தே போகச் சொல்லியிருப்பேன்.

சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நான்கு பேரில் உங்களையும் சேர்த்து மூன்று பேர் பெண்கள். அவசரப்பட்டு எக்ஸ்பிரஸில் ஏறாமல் இரண்டு பஸ் விட்டுப் பிடித்தால், டிக்கெட் எடுக்க வேண்டியது பையனுக்கு மட்டும். ரயில் மலிவுதான், ஆனால் குழித்துறை ஸ்டேஷன் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இல்லை. இறங்கி மறுபடி ஆட்டோ பிடிக்க வேண்டும், மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். திருவனந்தபுரம் போவதானால் மட்டும் ரயில்.

நேரம்தான் இதில் பெரிய விஷயம். நம்மூர்க் கோயில்கள் விடியற்காலையில் திறந்து, உச்சிக்கு முன்பே சாத்திவிடும். அப்புறம் சாயங்காலம்தான். பெரிய கோயில் என்றால் பரவாயில்லை, இது மாதிரிச் சின்னக் கோயிலில் பூஜை முடிந்தால் போற்றி (பூசாரி) வீட்டுக்குப் போய்விடுவார். காலை எட்டரைக்குள் கோயில் வாசலில் நிற்கிற மாதிரி கிளம்புங்கள். மகன் சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போகவேண்டி வரலாம், அதனால் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளட்டும். படம் எடுக்க ஆசையிருந்தால் கேட்டுவிட்டு எடுக்கட்டும்.

கோயிலைச் சுற்றிவிட்டு வெளியே எங்காவது நிழலில் உட்கார்ந்து, அச்செடுத்த தாளை அப்போது திரும்பவும் எடுங்கள். 95 பேருக்குத் தினமும் சோறு போட எவ்வளவு வயல் வேண்டும், எத்தனை மடைப்பள்ளிக்காரர்கள், படித்தவர்கள் எங்கே படுத்திருப்பார்கள் என்று பிள்ளைகளே கேட்க ஆரம்பிப்பார்கள். ஏன் ஒரு சுவர்கூட மிச்சமில்லை என்றும் பையன் கேட்பான். வருஷத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள மண், மரமும் ஓலையும் வைத்துக் கட்டியிருந்தால் எத்தனை நாள் தாங்கும்? இது என் ஊகம்தான், தோண்டிப் பார்த்துச் சொன்னதல்ல. அங்கே ஒரு மணி நேரம் கொடுங்கள். கார் எடுத்தால் டிரைவர் ஹாரன் அடிப்பார், அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. நான் பஸ் என்று சொல்வதற்குக் காசு பாதிக் காரணம், இது மீதிக் காரணம்.

முஞ்சிறையில் திருமலை மகாதேவர் கோயில் இருக்கிறது. சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவாலயம் ஓடுகிறவர்கள் புறப்படும் முதல் கோயில். மாமியாருக்கு ஆசையிருந்தால் நடை சாத்துவதற்குள் போய் வந்துவிடுங்கள். சிவராத்திரியை ஒட்டி மட்டும் இந்தப் பக்கம் பயணம் வைக்காதீர்கள். காவியும் விசிறியுமாக ‘கோவிந்தா, கோபாலா’ என்று ஓடிவரும் கூட்டத்தில் பஸ் நகராது. முஞ்சிறையில் இப்போதும் ஒரு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. ‘இங்க இன்னும் படிக்கிறாங்க’ என்று பிள்ளைகளிடம் காட்ட உதவும்.

மத்தியானம் மார்த்தாண்டம் திரும்பிச் சாப்பாடு. சம்பா சோறும் மீன்கறியும் கிடைக்கும் சாதாரணக் கடைகள் ஸ்டாண்டைச் சுற்றியே இருக்கின்றன, ஏசி போர்டு பார்த்து உள்ளே போகாதீர்கள். வீட்டிலிருந்து புட்டும் மட்டிப்பழமும் கட்டிக்கொண்டு போனால் காலைச் சாப்பாட்டுச் செலவும் இல்லை. மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வாங்குவதானால் கடைசியில் வாங்குங்கள், மலை ஏறும்போது குப்பியைச் சுமக்க வேண்டாம்.

இனி சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். நேரடி பஸ் அடிக்கடி கிடையாது. போகிற பஸ்ஸைக் கேட்பதற்கு முன் திரும்பி வருகிற கடைசி பஸ் எப்போது என்று கேளுங்கள். சரியாக அமையவில்லையென்றால் இங்கேதான் ஆட்டோவுக்குக் காசு செலவழிக்க வேண்டும். போக, காத்திருக்க, திரும்ப என்று மொத்தமாகப் பேசிக்கொண்டு ஏறுங்கள். மதிய வெயில் இறங்கி, மூன்றரை மணி வாக்கில் அடிவாரத்தில் இருப்பது நல்லது. பாதை போட்டிருக்கிறார்கள் என்றாலும் ஏற்றம் ஏற்றம்தான், முட்டுவலிக்காரர்களுக்கு ஆகாது. மாமியாரை மத்தியானச் சாப்பாட்டோடு நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். இல்லை, கூடவே வருவேன் என்றால் அடிவாரத்தில் உட்காரட்டும். மேலே தண்ணி, சாயா எதிர்பார்க்காதீர்கள், இரண்டு குப்பி கொண்டு போங்கள்.

மேலே ஒரு பெரிய பாறை கூரை மாதிரி கவிந்து நிற்கும். அதன் கீழே குடைவும், பக்கத்தில் சுனையும். பாறையின் ஒரு பக்கத்தில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் முக்குடை, உட்கார்ந்தும் நின்றும். பாம்புப் படம் விரித்து நிற்பவர் பார்சுவநாதர். சிங்கத்தோடு இருப்பவள் சமண யட்சி அம்பிகை. உருவங்களுக்குக் கீழே கிட்டப் போய்ப் பாருங்கள், சின்னச் சின்ன வட்டெழுத்து. செதுக்க வைத்தவர்களின் பெயர்கள். அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயர் இங்கே உண்டு, மதுரைப் பக்கத்து மலைகளிலும் உண்டு. சாய்வெயில் படும்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரியும், மூன்றரை மணி என்று சொன்னதற்கு அதுவும் காரணம். கையால் தடவ வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

இங்கே இன்னொரு கல்வெட்டு உண்டு. ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டு. பேராயக்குடி அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் இங்குள்ள தேவிக்குப் பொன்னணி கொடுத்ததைச் சொல்கிறது. குரத்திகள் என்றால் சமணப் பெண் ஆசிரியை. பார்த்திவபுரத்தில் சாலை வைத்த அதே ஆய் வம்சம், கருநந்தடக்கனுக்கு அடுத்து வந்தவன் காலம், ஒரு மணி நேர பஸ் தூரம்கூட இல்லை. அங்கே 95 ஆண்கள், இங்கே பெயரோடு ஒரு பெண். இதே வரகுணன் ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்தத் தலத்துக்கும் நிலம் கொடுத்திருக்கிறான், அது பாலியம் செப்பேட்டில் இருக்கிறது. பிற்காலத்தில் சிதறால் பகவதி கோயிலாக மாறியது. மகளை இந்தக் கல்வெட்டுக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுங்கள், பையனுக்குக் காலையில் நிறைய கிடைத்துவிட்டது.

இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். ஜூன் மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பாறை வழுக்கும். தை, மாசிதான் சௌகரியம், சிவராத்திரி வாரம் நீங்கலாக.

காந்தளூர்ச் சாலையை இதே நாளில் சேர்க்காதீர்கள். பார்த்திவபுரத்துக்கே மாதிரியாக இருந்த மூலச்சாலை அது. ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி’ என்று வருவது பையனுக்குப் பாடத்திலேயே வந்திருக்கலாம். திருவனந்தபுரம் வலியசாலை மகாதேவர் கோயில் இருக்கும் இடம்தான் அது என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. ஆனால் அங்கேயும் பார்க்கப்போவது கோயில்தான், பழைய கட்டடம் அல்ல. அதற்கென்று தனியாக ஒரு நாள், காலைப் பாசஞ்சர் ரயிலில் போய், மீதிப் பொழுதை அருங்காட்சியகத்தில் கழித்துவிட்டு வரலாம்.

பத்மநாபபுரம் அரண்மனையை இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், திங்கள்கிழமை பூட்டியிருக்கும். அங்கே வளாகத்திலேயே ஒரு அருங்காட்சியகமும் அதில் பழைய கல்வெட்டுகளும் உண்டு, டிக்கெட் எடுத்துவிட்டு அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.