நிலாவெளி ஹோட்டலில் பொது முகாமையாளர் பதவி: எம்பிஏ முதலா?

தம்பி, திருகோணமலைப் பக்கம் நிலாவெளி ஹோட்டலில் செயற்பாட்டு முகாமையாளராக இருக்கும் உங்களை அடுத்த ஜனவரியில் பொது முகாமையாளராக்கி, பணிப்பாளர் சபையிலும் சேர்க்கப் போகிறார்கள், அதற்குள் எம்பிஏ தொடங்கவா என்று கேட்டிருந்தீர்கள்.

எம்பிஏ பிறகு பார்க்கலாம். முதலில் கணக்காளரோடு இருந்து, கடந்த மூன்று வருடக் காசு வரவு செலவை மாதம் மாதமாகப் பாருங்கள். நமக்குச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான். வாடைக்கால மழை தொடங்கினால் அறைகள் காலி. ஆனால் சம்பளம், ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி கட்டும் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், வங்கித் தவணை எதுவும் நிற்காது. ஓகஸ்ட் லாபத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். டிசெம்பரை எப்படித் தாண்டுவது என்று சொல்பவரைத்தான் சபை கவனிக்கும்.

பணிப்பாளர் பதவிக்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கம்பனியால் கடனைக் கட்ட முடியாது என்று ஒரு பணிப்பாளர் நம்பினால் உடனே சபையைக் கூட்ட வேண்டும். விட்டுவிட்டால் கடன்காரரின் நட்டம் உங்கள் தலையிலும் விழலாம். அதனால் கடன் விவரம் முழுவதையும் பார்த்த பிறகே கையெழுத்து வையுங்கள். எவ்வளவு செலவை நீங்களே அனுமதிக்கலாம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். குடும்பக் கம்பனி என்றால் இது கட்டாயம்!

அப்புறம், உங்கள் பழைய வேலைக்கு ஆள் யார்? இப்போதே ஒருவரிடம் கொடுத்து, சீசன் நடுவில் ஒரு வாரம் லீவு போட்டுப் பாருங்கள். ஃபோன் எத்தனை தரம் அடிக்கிறது என்று தெரியும்.