கேளுங்கள், சொல்கிறோம்: ஸ்டீவ்ஸ்டன் ஊரின் சால்மன்

கனடாவின் மேற்குக் கரையில், ஃப்ரேசர் ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள மீனவ ஊர் ஸ்டீவ்ஸ்டன். அங்கே சால்மன் மீனைப் பிடித்து டப்பாவில் அடைத்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதையொட்டி வந்த கேள்விகள் இவை.

கே: ஐஸ் இல்லாத 1890களில் அவ்வளவு மீனையும் கெடாமல் டப்பாவில் அடைத்தது எப்படி? (வாசகி, தூத்துக்குடி)

ப: பிடித்த வேகத்திலேயே அடைத்தார்கள். சீனத் தொழிலாளர்கள் தலை, துடுப்பு, குடல் நீக்கி அறுப்பார்கள். முதுகெலும்பை ஒட்டிய ரத்தத்தைச் சுரண்டிக் கழுவி டப்பாவில் அடைத்தவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடிப் பெண்களும் ஜப்பானியப் பெண்களும்தான். ஒரு பவுண்டு டப்பாவுக்குக் கால் அவுன்ஸ் உப்பு; தண்ணீரோ எண்ணெயோ சேர்ப்பதில்லை.

மூடியைப் பற்றவைத்ததும் சுடுநீரில் முக்குவார்கள். ஓட்டை இருந்தால் குமிழி வரும்; அதை எடுத்து மறுபடி பற்றவைப்பார்கள். ஒருமுறை வெந்தபின் மூடியில் ஆணியால் சின்னத் துளை போட்டால் ஆவியும் காற்றும் சீறிக்கொண்டு வெளியேறும். சீற்றம் அடங்கிய கையோடு துளையில் ஒரு சொட்டு ஈயப்பற்று விழ வேண்டும். தாமதித்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, டப்பா பின்னால் உப்பிவிடும். அடுத்து அழுத்தக் கொதிகலனில் இரண்டாம் வேக்காடு. அதில் முள்ளும் மெத்தென்றாகிவிடும். ஆறியபின் சிறு இரும்புக் கம்பியால் ஒவ்வொரு மூடியையும் தட்டுவார்கள். காற்றுப் புகுந்ததைச் சத்தமே சொல்லிவிடும். இப்படித் தேறிய 48 டப்பாக்கள் சேர்ந்தால் ஒரு பெட்டி.

கே: நைலானுக்கு முன்பு வலை மக்கிப்போகாதா? (வாசகர், நாகப்பட்டினம்)

ப: மக்கும். அவர்களுடைய செவுள் வலை ஆளிநார் நூலில் பின்னியது. மீனின் வழுவழுப்பும் பாசியும் ஒட்டினால் நூல் அழுகிவிடும். வார இறுதியில் மீன்பிடிக்குத் தடை இருக்கும். அப்போது மயில்துத்தம் கரைத்த மரத்தொட்டியில் வலையை ஊறப்போட்டு, அலசிக் காயவைப்பார்கள்.

கே: 1913-க்குப் பிறகு மீன் வரத்து ஏன் விழுந்தது? (வாசகர், காரைக்கால்)

ப: பெரிய காரணம் ரயில்பாதை. ஃப்ரேசரின் சாக்கை என்ற சால்மன் வகை பெரும்பாலும் நான்கு வயதில் முட்டையிட ஆறேறும். அதனால் 1901, 1905, 1909, 1913 என நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருவரத்து. கடலிலிருந்து சுமார் 200 கி.மீ. மேலே, ஹெல்ஸ் கேட் என்ற இடுக்கில் ஆறு 35 மீட்டர் அகலம்தான். பாதைக்காக வெடிவைத்துத் தகர்த்த பாறையை 1913-ல் அங்கே ஆற்றிலேயே தள்ளினார்கள். 1914 தொடக்கத்தில் பெரும் பாறைச்சரிவும் சேர்ந்துகொண்டது. சால்மன் ஆறேறத் தொடங்கினால் இரை எடுக்காது. உடம்புக் கொழுப்புதான் அதற்குக் கட்டுச்சோறு. வேகமெடுத்த நீரோடு மோதி மோதி அது தீர்ந்துபோக, ஏராளமான மீன்கள் முட்டையிடாமலே செத்தன. 1917-ல் வந்திருக்க வேண்டிய தலைமுறையில் பெரும்பகுதி பிறக்கவே இல்லை.

அங்கே மீன் ஏறிப்போக மீன்வழி (தடுப்புகளால் அறை அறையாகப் பிரித்த கால்வாய்) கட்டியது 1945-46-ல்தான். முப்பது ஆண்டுத் தாமதம், மன்னிக்க முடியாதது. செங்குத்துத் தடுப்புகள் நீரின் வேகத்தை உடைக்க, ஒவ்வொரு அறையிலும் சற்று இளைப்பாறி மீன் மேலே ஏறுகிறது.